அடுத்த மரத்துக்காரர்கள்

காட்டில் போய்த் தங்குவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லாத காலம் ஒன்று இருந்தது என்றால், என் பேரப்பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். உங்களுக்கு அது கதை இல்லை. நம் வயசுக்காரர்களில் சங்கரன்கோவில் பக்கம் பிறந்து, பங்குனி உத்திரத்துக்கு மலையடியில் போய்ப் படுத்து எழுந்தவர்களுக்கு இன்றைக்கும் முதுகுக்கு அடியில் அந்தப் பொடிக்கல் உறுத்தும். இப்போது மெத்தையில் படுத்தும் தூக்கம் வரவில்லை என்று புலம்புகிறோம், அது வேறு விஷயம்.

நான் சொல்லப்போவது எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி. எனக்கு எட்டோ ஒன்பதோ வயசு. அப்பாவுக்கு ஒரே தங்கச்சி, என் அத்தை. தாத்தா முன்னமே தவறிவிட்டதால் அவளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு அப்பாவின் தலையில் இருந்தது. அந்த வருஷம் அத்தைக்கு ஒருத்தரைப் பிடித்திருந்தது. அந்த ஒருத்தருக்கும் அத்தையைப் பிடித்திருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிச்சுப் போட்டு வைத்துக் கடைசியில் அவிழ்க்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அந்த ஒருத்தர் காட்டில் எங்களுக்கு அடுத்த மரத்தடியில் தங்குகிற குடும்பத்துப் பிள்ளை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குலசாமி உண்டு, பெரும்பாலும் சாஸ்தா. எங்கே போய்ப் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவர் முன்னால் வந்து நின்றாக வேண்டும். எங்கள் சாஸ்தா இருந்தது வாசுதேவநல்லூருக்கு மேற்கே, வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில். வண்டிப்பாதை அதோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை, மலைக்குள் ஏறிப் போகும். பாதை தொடங்குகிற இடத்தில் ஓடை, ஓடைக்கரையில் மரங்கள், மரத்துக்கு ஒரு குடும்பம். இவ்வளவுதான் ஏற்பாடு. கேட்டு கிடையாது, சீட்டு கிடையாது, இங்கே படுக்காதே என்று சொல்ல ஆள் கிடையாது.

சங்கரன்கோவிலில் விடியக்காலம் பஸ் ஏறுவோம். அம்மா ஒரு கையில் தம்பியையும் மறு கையில் பித்தளைக் கூஜாவையும் பிடித்திருப்பாள். அத்தை தன் கையால் பின்னிய மஞ்சளும் நீலமும் கலந்த ஒயர் கூடையை மடியிலிருந்து இறக்க மாட்டாள். வாசுதேவநல்லூரில் அப்பாவுக்குத் தெரிந்தவர் மாட்டுவண்டி வைத்துக் காத்திருப்பார். பானை, அரிசி மூட்டை, ஜமுக்காளம், அரிக்கேன் விளக்கு, தேங்காய்ச் சாக்கு எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு மிஞ்சிய இடத்தில் எங்களைத் திணிப்பார்கள். குளத்துக்கரை தாண்டி வண்டி மேற்கே திரும்பியதும் மலை எழுந்து நிற்கும். பக்கத்தில் போகப் போக நீலம் வடிந்து மரமும் பாறையும் தனித்தனியாகத் தெரிய வரும். அந்த நேரம் நான் உட்கார முடியாமல் நெளிவேன். அது பசி என்று அம்மா ஒரு முறுக்கைக் கையில் கொடுப்பாள்.

எங்களுடையது மருதமரம். மரத்தடிக்கு வந்ததும் அப்பா முதலில் செய்கிற வேலை, கைக்கடிகாரத்தைக் கழற்றி மரத்தில் என்றைக்கோ அடித்திருந்த ஆணியில் மாட்டுவது. திரும்பிப் போகிற அன்றுதான் எடுத்துக் கட்டுவார். யூனியன் ஆபீசில் கிளார்க். அங்கே அவர் முன்னால் போய் நிற்கிற மனுஷனிடம் அப்பன் பேர், பாட்டன் பேர், நிலத்துக்கு வடக்கே யார், தெற்கே யார் என்று குடைந்தெடுத்து விடுவார். காட்டில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது ஆளே மாறிப் போவார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடைக்குள் நடப்பார்.

நாலு கம்பை ஊன்றி, மேலே பழைய ஜமுக்காளத்தை விரித்துக் கட்டி, பக்கத்துக்குப் பனையோலைத் தட்டியைச் சாய்த்தால் குடில் தயார். கீழே வைக்கோல், அதன்மேல் சாக்கு, அதன்மேல் பாய். காலையில் பார்த்தால் பாய் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் கிடப்போம். தலையெல்லாம் வைக்கோல். உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று அம்மா ஒவ்வொருத்தராகப் பிடித்து வைத்து, காதுக்குப் பின்னால், அக்குளில், முழங்கால் மடிப்பில் பார்த்துப் பார்த்து எடுப்பாள். காய்ந்த இலையும் விறகுப் புகையும் மாட்டுச்சாணமும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். ஊருக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் இரண்டு நாளைக்கு அந்த வாசம் முடியில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நானே என் சடையை எடுத்து மோந்து பார்த்துக்கொள்வேன்.

குடிலைவிட முக்கியம் அடுப்பு. மூன்று கல். அந்தக் கல்லை யாரும் ஊருக்குக் கொண்டுபோவதில்லை, யாரும் எடுத்து எறிவதும் இல்லை. வருஷம் முழுக்க மழையில் நனைந்து, கரியோடு அங்கேயே கிடக்கும். வந்து பார்த்தால் நம் கல் நமக்காக இருக்கும். அடுத்தவர் அடுப்புக் கல்லில் கை வைப்பது பெரிய பாவம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இடத்துக்குப் பட்டா அதுதான். முதலில் அடுப்பு மூட்டியவர் மற்றவர்களுக்குக் கங்கு கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். தேங்காய்ச் சிரட்டையில் கங்கை வாங்கிக்கொண்டு பெண்கள் ஊதிக்கொண்டே ஓடுவார்கள்.

எங்கள் மூன்று கல்லுக்குப் பக்கத்தில், எட்டி நடந்தால் கால் படுகிற தூரத்தில், இன்னும் மூன்று கல் கிடந்தது. அது இலுப்பை மரத்தடி. அங்கேதான் அடுத்த மரத்துக்காரர்கள் வந்து இறங்குவார்கள். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்கள். எங்கள் சனம்தான், பேச்சிலேயே தெரியும். பெரியவர், அவர் சம்சாரம், டிராக்டர் ஓட்டுகிற மகன், இன்னும் நண்டும் சிண்டுமாக உறவுக்காரப் பிள்ளைகள். நாங்கள் வாய்க்கால் பாய்கிற வயல்காரர்கள். அவர்கள் வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள். அவர்கள் கொண்டுவருகிற கம்பு உருண்டையை நாங்கள் ஆசையாகத் தின்போம். எங்கள் அரிசி முறுக்கு அந்தப் பிள்ளைகளுக்கு உயிர்.

முந்தின வருஷம் ஒரு மந்தி எங்கள் துவரம்பருப்புப் பையைத் தூக்கிக்கொண்டு மருதமரத்து உச்சிக்குப் போய்விட்டது. மேலே உட்கார்ந்து பையைக் கிழித்துக் கொட்டியது. அப்பா கல்லை எடுக்க, தம்பி அழ, அம்மா "சாமி கேட்டுருக்கு, விடுங்க" என்று சிரிக்க, அடுத்த மரத்து அம்மா படி நிறையப் பருப்போடு வந்து நின்றார். "புள்ளைகளுக்குச் சாம்பார் வைக்க வேணாமா? இந்தாங்க" என்றார். அதிலிருந்து இரண்டு அடுப்புக்கும் போக்குவரத்து. அப்பா அந்தப் பெரியவரைச் சித்தப்பா என்றும் அந்த அம்மாவைச் சித்தி என்றும் கூப்பிட ஆரம்பித்தார். நம் ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமா? பஸ் கண்டக்டரும் அண்ணாச்சி, பலசரக்குக் கடைக்காரரும் அண்ணாச்சி. அவர்களும் மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா மரியாதைக்காகக் கூப்பிடவில்லை. அவர் கணக்கு வேறு. அண்ணன் தம்பி பாகம் பிரிகிற போது அடுப்பைத்தான் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரே இடத்தில் தலைமுறையாக இரண்டு அடுப்பு ஒட்டிக் கிடக்கிறது என்றால் அவர்கள் எப்போதோ பிரிந்த பங்காளிகளாகத்தான் இருக்க வேண்டும். ஒரே சாமியைக் கும்பிடுகிற பங்காளிகள் என்றால் அண்ணன் தங்கச்சி முறை, அங்கே பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, சாமி வேறென்றால் தடை இல்லை. இந்த முடிவை அவர் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. உங்கள் சாமி எது என்று சாமி கும்பிட வந்த இடத்தில் ஒருத்தரைக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். ஆபீசில் நாற்பது கேள்வி கேட்கிற மனுஷன் காட்டில் அந்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

உத்திரத்தன்று அந்தப் பெரியவர் குடும்பம் எங்கள் சாஸ்தா முன்னால் தேங்காய் உடைத்ததை அப்பா பார்த்திருக்கிறார். பிறகு அவர்கள் எல்லோரும் கூடையோடு ஒற்றையடிப் பாதையில் ஏறிப்போய் மத்தியானம் ஈரத்தலையோடு இறங்கி வந்ததையும் நாங்கள் பார்த்தோம். மேலே அருவி இருந்தது. குளிக்கப் போய்வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

பங்குனியில் மேலே அருவி சொட்டினாலும் கீழே ஓடையில் தண்ணீர் ஓடாது. மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். டிராக்டர்க்காரர் வந்தவுடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, எல்லோருக்குமாக ஓர் ஊற்றுத் தோண்டுவார். அத்தை குடத்தோடு போவாள். துணைக்கு நான்.

தோண்டின ஊற்றில் தண்ணீர் முதலில் செம்மண் நிறமாக ஊறும். தெளிகிற வரை காத்திருக்க வேண்டும்.

"கலங்கிக் கெடக்கு. தெளியட்டும், பொறுங்க" என்பார் டிராக்டர்க்காரர்.

"பொறுக்கேன். எனக்கு என்ன அவசரம்" என்பாள் அத்தை.

பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, அந்தக் கொடியில குன்றிமணி எம்புட்டுக் கெடக்கு பாரு, போய்ப் பொறுக்கு" என்பாள். நான் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடுவேன். சிவப்பும் கறுப்புமான அந்த மணிக்காக நான் அப்போது எதையும் விற்றுவிடுவேன். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகத் தெளிந்துவிட்டிருந்தது, அடியில் மணல் தெரிந்தது. அத்தை சிரட்டையை உள்ளே விட்டு வேண்டுமென்றே ஒரு கலக்குக் கலக்கினாள். டிராக்டர்க்காரர் சிரித்துக்கொண்டே, "அப்பம் இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தைக்கு ஒரு குடம் தண்ணீர் எடுக்க இவ்வளவு நேரமா என்று அம்மாதான் அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு முதுகிலும் கண் உண்டு. அன்று மத்தியானம் அப்பாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தபடி பேச்சை எடுத்தாள். நான் குடிலுக்குள் தம்பிக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பையன் நல்ல பையனா இருக்கான். கை சும்மா இருக்கதில்ல. நம்ம வீட்டுப் புள்ளைக்குக் கேட்டுப் பாக்கலாம்லா?"

"பைத்தியமாட்டி ஒனக்கு? அவங்க நமக்குப் பங்காளி. தங்கச்சி முறைக்காரியவா குடுப்பாவ?"

"பங்காளின்னு யாரு சொன்னா? கேட்டீங்களா?"

"கேக்க வேற செய்யணுமா? அடுப்புக்கல்லு எங்கன கெடக்குன்னு பாரு. எங்க தாத்தா காலத்துலருந்து அங்கனதான் கெடக்கு."

"கல்லு வாயத் தொறந்து சொல்லிச்சாக்கும்."

"நீ வாய மூடு. இந்தப் பேச்சு அவ காதுல விழுந்துரக்கூடாது. ஆசைய வளத்துவிட்டுப் பாவத்தச் சேக்காத."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அப்பா சொன்னதில் நியாயம் இருக்கும் என்று தோன்றியிருக்கலாம். அல்லது புருஷனிடம் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அப்பா எழுந்து போய் ஓடைப் பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

உத்திரம் முடிந்த மறுநாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற வழக்கம். அம்மா கூட்டாஞ்சோறு ஆக்கியிருந்தாள். முருங்கைக்கீரையும் மாங்காயும் கத்திரிக்காயும் போட்டுப் பொங்கின சோறு, தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றல். கூடவே தனியாகப் புளிக்குழம்பும் ஒரு சட்டி. அடுத்த மரத்து அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியில் பாயசமும் வாழையிலையில் பிச்சிப்பூவும் கொண்டுவந்தார். காட்டில் யார் நல்ல சேலை கட்டுவார்கள்? எனக்கு அப்போதே விநோதமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தம்மாவின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று தெரிகிறது. நானும் என் மகனுக்குப் பெண் கேட்கப் போனவள்தானே.

பூவை அத்தையிடம் கொடுத்து, "வச்சுக்கோ தாயி" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, மெதுவாக, "தங்கச்சிக்கு எங்கயும் பாத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அப்பா முகம் மலர்ந்து பேசினார். அதுதான் கொடுமை. ஒரு கள்ளமும் இல்லாமல் பேசினார்.

"பாத்துக்கிட்டே இருக்கோம் சித்தி. நான் ஒத்தையாளா அலையுதேன். நம்ம தம்பியும் நாலு எடத்துல சொல்லி வைக்கட்டும். அண்ணன்மாருக்குத்தான அந்தப் பொறுப்பு?" சொல்லிவிட்டு டிராக்டர்க்காரரைக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். "ஏட்டி, அண்ணனுக்குச் சோறு வை" என்றார்.

அத்தை பூவைத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா மறுபடியும், "என்ன நிக்க? அண்ணன் பசியோட இருக்காம்லா" என்றார். அத்தை பூவை ஒயர் கூடையில் போட்டாள். சோற்றுப் பானையை எடுத்து வந்தாள். குனிந்து வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கொழம்பு ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

நம் பக்கத்து மனுஷர்கள் பெண் கேட்டு வந்தவர்களை இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் அனுப்ப மாட்டார்கள். முறையை மாற்றிச் சொல்லிவிட்டால் போதும். அவர்கள் புரிந்துகொண்டு, வந்த விஷயத்தை வாயிலிருந்து வெளியே விடாமலே திரும்பிவிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் மானம் போகாது. அடுத்த மரத்து அம்மா அப்படித்தான் புரிந்துகொண்டார். பெண்ணே தன் வாயால் அண்ணே என்ற பிறகு என்ன இருக்கிறது? "பாயசம் நல்லாருக்கா, புள்ளைகளா?" என்று எங்களிடம் கேட்டார். டிராக்டர்க்காரர் இலையில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தார். இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் நாங்கள் எழுந்தபோது இலுப்பை மரத்தடியில் கல் மட்டும்தான் இருந்தது. பெரியவர் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போனது அப்பாவுக்கு வருத்தம். "பங்காளின்னாலே இப்படித்தான்" என்றார்.

ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம் ஆனது. மாமாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. நல்ல மனுஷர். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அத்தையைக் கடைசி வரை பூப்போல வைத்திருந்தார். மறுவீட்டுக்கு வந்தபோது அத்தை எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். புதுப்பெண் கூச்சம் என்று அப்பா நினைத்துக்கொண்டார். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னார்.

அடுத்த பங்குனிக்கு நாங்கள் மட்டும் போனோம். வண்டிப்பாதை முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சங்கிலி. பக்கத்தில் ஓலைக் கொட்டகை. காக்கிச் சட்டை போட்ட வாச்சர் ஒருத்தர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோடையில் யாரோ அணைக்காமல் விட்ட அடுப்பால் மலையில் தீப் பிடித்துவிட்டதாம். இனிமேல் யார், எத்தனை பேர், எத்தனை நாள் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எல்லோருக்கும் எரிச்சல். "நம்ம சாமியப் பாக்க இவனுக்குக் கணக்கு சொல்லணுமாக்கும்" என்று வண்டிக்காரர் முணுமுணுத்தார்.

எங்களுக்கு முன்னால் நின்றது அடுத்த மரத்துப் பெரியவரின் வண்டி. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக அவரிடம் போனார். போகிற வழியில் வாச்சரின் குரல் கேட்டது.

"எந்தக் கோயிலு?"

"மேல, மொட்டப்பாற மாடசாமிக்கு" என்றார் பெரியவர்.

"கீழ சாஸ்தாவுக்கு இல்லையா?"

"அது நமக்குப் பாத்தியம் இல்லய்யா. போற வழியில ஒரு தேங்கா ஒடைப்போம், அம்புட்டுத்தான். எங்க சாமி மேலதான். தண்ணி பக்கம்னு எங்க ஐயா காலத்துலருந்து இங்கன எறங்கிட்டு, காலையில ஏறுவோம்."

அப்பா நின்றுவிட்டார். என் கையைப் பிடித்திருந்த கை இறுகியது. வலித்தது. பெரியவர் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டார். "வாங்க தம்பி" என்றார். பழைய கோபம் எதுவும் முகத்தில் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாவுக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

"தம்பிக்கு..." என்று ஆரம்பித்து, அப்பா நிறுத்தி, "மகன் வரலையா?" என்று கேட்டார்.

"அவன் கோயமுத்தூர்ப் பக்கம் போயிட்டான். ஒரு கம்பெனியில வண்டி ஓட்டுதான். காட்டுக்கு வாலே, சாமி கும்பிட வாலேன்னா வரமாட்டேங்கான். பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். ஒண்ணும் அமையல" என்றார் பெரியவர். "தங்கச்சி நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா" என்றார் அப்பா.

எங்கள் முறை வந்தது. வாச்சர், "எந்தக் கோயிலு?" என்று கேட்டார். அப்பா பெரியவரின் வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வாச்சர் திரும்பக் கேட்டார். நான்தான் "சாஸ்தா" என்று சொன்னேன்.

அந்த வருஷம் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை. என்னைத் தோளில் தூக்கவும் இல்லை. ஊற்றுத் தோண்ட ஆள் இல்லாததால் அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். பழக்கம் இல்லாத கை, மணல் சரிந்து சரிந்து மூடியது. வெயிலில் நின்று தோண்டிக்கொண்டே இருந்தார். அம்மா போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அடுத்த பங்குனியிலிருந்து ஆபீசில் லீவு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பாரஸ்ட்காரர்கள் ராத்தங்கலே கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். கல்லெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. ஜமுக்காளமும் கூஜாவும் கூட வீட்டில் எங்கே தொலைந்தன என்று தெரியவில்லை.

செக்போஸ்ட்டில் நடந்ததை அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லக் கூடாது என்று தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அத்தைக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. ஆனால் அத்தைக்குப் பொங்கல்படி, அதாவது பொங்கல் சீர், கொடுக்க அப்பா யாரையும் அனுப்ப மாட்டார். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறுவார். ஆபீஸ் முடிந்து, பென்ஷன் வாங்கி, முட்டி தேய்ந்த காலத்திலும் அவரேதான் போனார். அத்தை தண்ணீர் கொடுப்பாள், காப்பி கொடுப்பாள். அப்பா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவார். "என்ன பேசினீங்க?" என்று அம்மா கேட்டால், "என்னத்தப் பேச" என்பார்.

அப்பா தவறியபோது அத்தை வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்தாள். அண்ணனுக்குத் தங்கச்சி வாய்விட்டு அழ வேண்டும், அதைக் கேட்கத்தான் தெருவே கூடியிருக்கும். அத்தை அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கூடப் பிறந்தவளுக்கு நெஞ்சு கல்லா என்று பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அத்தை மேலேயும் அவர்கள் மேலேயும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு ஆளாளுக்குக் கிடைத்த இடத்தில் சாய்ந்து கிடந்தார்கள். அத்தையும் நானும் அடுக்களையில் பாத்திரத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏன் அத்தை அழல? அப்பா ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாவ?"

அத்தை துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணும் செய்யல. ஒரு பொய் சொன்னான். கரிசக்காட்டுக்குப் பொண்ணு குடுக்க மனசு இல்லன்னா, இல்லன்னு சொல்லியிருக்கலாம். பங்காளி முறைன்னு பொய் சொல்லி, என் வாயாலயே அண்ணேன்னு கூப்பிட வச்சான். அவங்க சாமி மேல இருக்குன்னு எனக்கு அந்த ஊத்துலயே தெரியும்."

"தெரியும்னா அப்பமே சொல்ல வேண்டியதுதான அத்தை?"

"எப்படிச் சொல்லுவேன்? ஒனக்கு எப்படித் தெரியும், ஆருகிட்டப் பேசினன்னு கேட்டா, நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். செக்போஸ்ட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பாவின் கை இறுகியதைச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும் என்று சொன்னேன்.

அத்தை என் முகத்தையே பார்த்தாள். "எப்பம் இது?"

"ஒங்களுக்குக் கல்யாணம் ஆன மறு பங்குனி."

"அதுக்கு முன்ன அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது அத்தை. நெசமாவே பங்காளின்னுதான் நெனச்சிருந்தாவ."

"அப்பம்..." என்றாள் அத்தை. கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள். "அப்பம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து அப்படி ஒக்காந்திருந்தானே. அது இதுக்கா? நான் ஒரு வாய் சோறு சாப்பிடுன்னு கூடச் சொன்னதில்லயே. காப்பியக் குடுத்து அனுப்பிட்டேனே."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள். "ஏ என்னப் பெத்த அண்ணாச்சி" என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. மார்பில் அடித்துக்கொண்டாள். தலையை விரித்துக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பதறி எழுந்து அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. காரியம் முடிந்து தீட்டுக் கழித்த வீட்டில் இப்படி அழக்கூடாது, வீட்டுக்கு ஆகாது என்று யாரோ ஒரு பெரியவர் அதட்டினார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அத்தையை ஒரு நிமிஷம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவ அழட்டும். அவ அண்ணன் இன்னைக்குத்தான் செத்துருக்காவ" என்று சொல்லிவிட்டு, அத்தைக்குப் பக்கத்தில் போய்த் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.